உப்பு, காற்று, வேர்: காரைக்கால் கரையில் கோல்ஃப் புல்லின் கோடை

கோல்ஃப் ஆடுபவர் கடைசியாகப் பந்தை உருட்டிக் குழியில் சேர்க்கும் புல்வட்டத்தைக் ‘கிரீன்’ என்பார்கள். பதினெட்டுக் குழிகள் கொண்ட ஒரு திடல் நூறு ஏக்கருக்கு மேல் விரிந்து கிடந்தாலும், அதன் கிரீன்கள் அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்தால் இரண்டரை, மூன்று ஏக்கர் தேறும். திடலைப் பராமரிப்பவர்களின் கவலையெல்லாம் அந்த மூன்று ஏக்கரில்தான் குவிந்திருக்கிறது. அங்கே புல்லை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு, ஒரு பச்சரிசியின் நீளத்தில் பாதி அளவுக்கு, அநேகமாக நாள்தோறும் மழிக்கிறார்கள். இலை குறைந்தால் புல் சமைக்கும் உணவு குறைகிறது, உணவு குறைந்தால் வேர் குறுகுகிறது. வேர் குறுகி நிற்கும் அந்தப் புல்லைக் கோடை வந்து பிடித்தால் அது எப்படிப் பிழைக்கும் என்பதே உலகெங்கும் கிரீன் பராமரிப்பவர்களை உறங்கவிடாத கேள்வி.

காரைக்காலில் கோல்ஃப் திடல் இல்லை. கல்கத்தாவில் 1829இலும், பெங்களூரில் 1876இலும், கொடைக்கானலில் 1895இலும் ஆங்கிலேயரின் கிளப்புகளோடு வேரூன்றிய ஆட்டம் அது. 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, இடையிடையே ஆங்கிலேயர் பிடித்துக்கொண்ட காலம் தவிர, 1954 வரை அவர்களிடமே இருந்த இந்த ஊருக்கு அந்தப் பழக்கம் வந்து சேரவில்லை. ஆனால் புல்தரை வந்துவிட்டது. கடற்கரைப் பூங்கா, பள்ளி விளையாட்டுத் திடல், கல்லூரி வளாகம், தங்கும் விடுதியின் முற்றம் என எங்கும் புல் போடுகிறார்கள். பங்குனி முடிவதற்குள் அது திட்டுத்திட்டாக மஞ்சளிக்கிறது. வெயில் தாங்கவில்லை என்று சொல்லி இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடுகிறார்கள். அது இன்னும் மோசமாகிறது.

புல்லின் துன்பத்தைப் பற்றி மனிதர்கள் மிகக் கவனமாக ஆராய்ந்தது கோல்ஃப் கிரீன்களில்தான். அந்த ஆய்வுகளைக் காரைக்கால் கரையில் வைத்துப் படித்துப் பார்த்தால், நாம் நோயைத் தவறாகக் கண்டிருக்கிறோம் என்பது தெரியும். இந்தக் கரையில் புல்லை முதலில் வீழ்த்துவது வெயில் அல்ல.

கோடைத் துன்பம் பற்றிய நூல்களில் பெரும்பகுதி ‘பென்ட்’ என்ற குளிர்நாட்டுப் புல்லை வைத்து எழுதப்பட்டவை. அதன் இலை 15 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரையிலும், வேர் 10 முதல் 18 டிகிரி வரையிலும் நன்றாக வளரும். அதற்கு மேல் மண் சூடேறினால், புல் பகலில் சமைக்கும் உணவைவிடச் சுவாசத்தில் செலவழிப்பது அதிகமாகிவிடும். சேமிப்பு கரைந்து முதலில் வேர் சாகும், பிறகுதான் இலை வாடும். காற்றின் சூட்டைவிட மண்ணின் சூடே பென்ட் புல்லுக்குப் பெரிய எதிரி என்பதை அமெரிக்கப் புல்லியல் அறிஞர் பிங்ரு ஹுவாங்கும் அவரோடு பணியாற்றியவர்களும் நடத்திய சோதனைகள் காட்டின. இரவிலும் மண் ஆறாத ஊரில் அந்தப் புல்லுக்கு ஓய்வே இல்லை. அட்லாண்டாவைச் சுற்றியுள்ள கிளப்புகள் பல ஆண்டுகள் மின்விசிறி வைத்தும், நண்பகலில் நீர்ப்புகை தெளித்தும் பென்ட் புல்லைக் காப்பாற்றப் போராடின. பிறகு அவற்றில் பலவும் வெப்பநாட்டுப் புல்லுக்கு மாறிவிட்டன. 2011 ஆகஸ்டில் அட்லாண்டா அத்லெடிக் கிளப்பில் நடந்த பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் அத்தகைய கிரீன்களில்தான் ஆடப்பட்டது.

அவர்கள் மாறிச் சென்ற அந்த வெப்பநாட்டுப் புல் எது? பெர்முடா என்று அவர்கள் அழைக்கும் அதுதான் நம் அருகம்புல். பிள்ளையாருக்குச் சாத்தும் அதே அருகு. இலைக்கு 27 முதல் 35 டிகிரி வரை உகந்த சூடு, வேருக்கு 24 முதல் 29 வரை. பென்ட் புல் சாகத் தொடங்கும் சூட்டில்தான் அருகு ஓட்டம் எடுக்கிறது. ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் ஆய்வு நிலையத்தில் கிளென் பர்ட்டன் நம் அருகையும் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அதன் நுண்ணிலை உறவையும் கலந்து 1956இல் ‘டிஃப்கிரீன்’ வெளியிட்டார். 1965இல் அதைவிடக் குட்டையான ‘டிஃப்ட்வார்ஃப்’ வந்தது, 1990களின் இறுதியில் ‘டிஃப்ஈகிள்’ வந்தது. இவை விதை கொடுக்காத கலப்பினங்கள் என்பதால் கொடியை நறுக்கித்தான் நட வேண்டும். வெப்ப நாடுகளின் கிரீன்களில் இன்று கோலோச்சுவது இந்தப் பரம்பரை.

டெல்டா விவசாயிக்கு இது புதுச் செய்தியாக இராது. அருகும் கோரையும் புகுந்த நிலத்தைக் கோடை உழவு போட்டு, கிழங்கையும் கொடியையும் வெயிலில் புரட்டிக் காயவிட்டு, அப்போதும் தீராமல் கையால் பொறுக்குகிறவர் அவர். சித்திரை வெயிலில் வேரோடு புரண்டு கிடந்தும் முதல் மழைக்குத் துளிர்க்கும் ஒரு புல், பூங்காவில் மட்டும் வெயிலால் செத்தது என்றால் நம்ப முடியாது. காரணத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

முதல் இடம் தண்ணீர். ஏப்ரல், மே மாதங்களில் கடைமடையில் ஆற்று நீர் இல்லை. மேட்டூர் திறப்பதற்கு வழக்கமான நாள் ஜூன் 12. திறந்த நீர் அரசலாற்றிலும் நாட்டாற்றிலும் இறங்கி இங்கே வந்து சேர மேலும் நாட்கள் ஆகும். அதுவரை கடலோரம் உள்ளவர்களுக்குப் போர்த் தண்ணீரே கதி. கடலை ஒட்டிய நிலத்தடியில் நன்னீர் மெல்லிய படலமாக மிதக்கிறது, அதன் கீழே உவர்நீர் காத்திருக்கிறது. இறைக்க இறைக்க மேல் படலம் மெலிந்து உவர் ஏறுகிறது. ஆக, புல்லுக்கு நீர் அதிகம் வேண்டிய மாதத்தில்தான் அந்த நீரில் உப்பும் அதிகமாக இருக்கிறது.

உப்பின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மின்கடத்து திறன் 3 டெசிசீமன்ஸ் உள்ள போர்த் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். அந்த நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 1.9 கிராம் உப்பு கரைந்திருக்கும். கோடையில் அருகுக்கு நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டர் நீர், அதாவது சதுர மீட்டருக்கு 4 லிட்டர் வேண்டும் என்றால், மூன்று மாதத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் கிட்டத்தட்ட 700 கிராம் உப்பை நாமே கொண்டுவந்து கொட்டுகிறோம். நீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு அங்கேயே தங்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் மேல் இரண்டு அங்குலத்தில் அது படிந்துகொண்டே போகும். 3 மில்லிமீட்டருக்கு மழித்த புல்லின் வேர் இருப்பதும் அந்த இரண்டு அங்குலத்தில்தான். இலை நுனி கருகுகிறது, நிறம் நீலம் பாய்ந்த பச்சையாக மங்குகிறது, ஈரத்தில் நின்றபடியே புல் தாகத்தால் சாகிறது. பார்ப்பவர் வெயில் என்கிறார், மறுபடியும் தண்ணீர் தெளிக்கிறார்.

மருந்து கேட்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். தேவைக்கு மேல் ஒரு பங்கு நீரை ஒரே தடவையில் ஆழமாக விட்டு, உப்பை வேருக்குக் கீழே கழுவி இறக்க வேண்டும். மேலே சொன்ன தண்ணீருக்கும் அருகின் தாங்குதிறனுக்கும் பொதுவாகக் கையாளும் சூத்திரத்தைப் போட்டால், கூடுதலாக ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போதும் என்று வருகிறது. ஆனால் கழுவிய நீர் போக வழி வேண்டும். டெல்டாவின் வண்டல் களிமண்ணில் அது போகாது. சோடியம் ஏறிய களிமண் இறுகி அப்பிக்கொள்ளும். ஜிப்சம் போட்டுச் சோடியத்தை விலக்கிய பிறகே நீர் உள்ளே இறங்கும். உவர் நிலம் திருத்தும் விவசாயிகள் நெடுநாளாகச் செய்துவரும் வேலைதான் இது. 2004 டிசம்பரில் கடல் புகுந்த வயல்களை மீட்டெடுத்தபோதும் வழி இதுவே: உப்பைக் கழுவு, வடிகாலைத் திற, ஜிப்சம் போடு.

கோல்ஃப் உலகம் இந்த வடிகால் சிக்கலுக்குக் கண்ட தீர்வு, மண்ணையே மாற்றுவது. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் முதன்முதலில் வெளியிட்ட முறைப்படி, அடியில் 4 அங்குலம் கூழாங்கல், அதன்மேல் 12 அங்குலம் சலித்த மணற்கலவை. மணலுக்கும் கல்லுக்கும் இடையே ஈரம் ஓரளவு தேங்கி நின்று வேருக்குக் கிடைக்கும். கனமழை பெய்தால் அந்தத் தேக்கம் உடைந்து நீர் சடசடவென வடிந்துவிடும். உப்பு கழுவுவதற்கு இதைவிட ஏற்ற படுகை கிடையாது. ஒரு ஹெக்டேர் கிரீனுக்கு 3,000 கன மீட்டர் மணல் வேண்டும் என்பதுதான் இடிக்கிறது. ஆற்று மணலை இனியும் அள்ளுவது டெல்டாவுக்குச் செய்யும் துரோகம். கடற்கரை மணலை அள்ளக் கடலோர ஒழுங்குமுறை விதிகள் தடை போடுகின்றன, போடவும் வேண்டும். இராவணன் மீசை படர்ந்து பிடித்து வைத்திருக்கும் மணல்மேடுகள் ஊரைக் காக்கும் சுவர். ஒரு புல்வட்டத்துக்காக அந்தச் சுவரைப் பெயர்ப்பதை எந்த நியாயத்தாலும் ஏற்க முடியாது.

இரண்டாவது காரணம் காற்று. 10.9 பாகை அட்சத்தில் இருக்கும் காரைக்காலுக்கு நேர் உச்சியில் சூரியன் ஏப்ரல் 19ஐ ஒட்டி ஒருமுறையும், ஆகஸ்ட் 24ஐ ஒட்டி மறுமுறையும் வருகிறது. ஆனால் மிகக் கொடிய நாட்கள் அவை அல்ல. மே கடைசியிலும் ஜூனிலும் மேல்காற்று நிலத்தின் அனலைச் சுமந்து வந்து, கடற்காற்றைக் கரையேற விடாமல் தடுக்கும் நாட்களே கொடியவை. கடற்காற்று முற்பகலிலேயே கிளம்பிவிட்டால் அன்றைக்குப் புல்லுக்குச் சிரமமில்லை. மாலை வரை வராவிட்டால், காலையில் பச்சையாக இருந்த இடம் மாலைக்குள் சுருண்டுவிடும். வானிலை ஆய்வு மையத்தின் ரேடார் காரைக்காலிலேயே இருக்கிறது. கிரீன் பராமரிப்பவர் நாட்காட்டியில் அக்னி நட்சத்திரத்தைப் பார்ப்பதைவிட, அன்றைய காற்றின் திசையைப் பார்த்து நீரைத் திட்டமிடுவது நல்லது.

நண்பகலில் இரண்டு நிமிடம் நீர்ப்புகை தெளிக்கும் உத்தியும் காற்றோடு சேர்ந்ததுதான். தெளித்த நீர் ஆவியானால்தான் இலை குளிரும். மேல்காற்று அடிக்கும் வறண்ட நாளில் அது வேலை செய்யும். கடற்காற்றின் புழுக்கத்தில் நீர் ஆவியாகாமல் இலைமேல் நிற்கும், பூஞ்சை நோய்க்கு வாசல் திறக்கும். உவர்நீரைத் தெளித்தால் இலைமேலேயே உப்பு படியும்.

நூலில் படித்ததை அப்படியே பின்பற்றினால் இங்கே தலைகீழாகப் போகும் வேறு சில வேலைகளும் உண்டு. தரையில் குழாய் போன்ற பற்களால் துளையிட்டு மண்ணை உருவி எடுத்து, மணலை நிரப்பும் வேலையைக் கோடையில் செய்யாதே என்று குளிர்நாட்டு நூல்கள் எச்சரிக்கும். பென்ட் புல்லுக்கு அது சரி. அருகுக்குக் கோடைதான் காயம் ஆறும் காலம், துளையிட்டால் ஓரிரு வாரங்களில் மூடிக்கொள்ளும். மாசி, பங்குனியில் ஒருமுறை, ஆற்று நீர் வந்தபின் ஆடியில் ஒருமுறை செய்யலாம். ஐப்பசியில் செய்தால் துளைகள் அப்படியே நீர் கோத்து நிற்கும். தழைச்சத்தும் அப்படியே. கோடையில் பென்ட் புல்லின் வாயைக் கட்டுவார்கள். அருகோ அப்போதுதான் பசியோடு இருக்கிறது, சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சாம்பல் சத்து குறையாமல் பார்த்துக்கொண்டால் உப்பையும் வறட்சியையும் ஓரளவு தாங்கும்.

மழிக்கும் உயரத்தில் மட்டும் எல்லா நூல்களும் ஒரே குரலில் பேசுகின்றன. அரை மில்லிமீட்டர் கூட்டினாலே வேருக்குப் பெரிய வித்தியாசம். வாரத்தில் சில நாள் மழிப்பதை நிறுத்திவிட்டு, உருளை மட்டும் ஓட்டினால் பந்தின் வேகம் அதிகம் குறையாது. ஆடுபவர்கள் கேட்பது வேகம். எட்வர்டு ஸ்டிம்சன் 1935இல் உருவாக்கிய எளிய கருவியை அமெரிக்கச் சங்கம் 1978இல் திடல்களுக்கு வழங்கத் தொடங்கியதிலிருந்து கிரீனின் வேகம் எண்ணாகிவிட்டது. எண்ணான பிறகு போட்டியாகிவிட்டது. அந்தப் போட்டியின் விலையைப் புல் கொடுக்கிறது, அதற்கு அடுத்தபடியாகத் திடல் தொழிலாளி கொடுக்கிறார். விடியுமுன் மழிப்பதும், உச்சி வெயிலில் ஹோஸ் பிடித்து வாடிய திட்டுகளுக்கு மட்டும் தண்ணீர் காட்டுவதும், குந்தி உட்கார்ந்து கோரையைக் கிழங்கோடு பிடுங்குவதும் அவர்கள்தான். புல்லின் வெப்பத் துன்பத்துக்கு நூலகம் நிறைய ஆய்வு இருக்கிறது. அந்தப் புல்லின்மேல் நிற்கும் மனிதரின் வெப்பத் துன்பத்துக்கு நிழல், குடிநீர், நண்பகல் ஓய்வு என்று மூன்று சொற்கள்கூடப் பல பராமரிப்புக் கையேடுகளில் இல்லை. இது என்னை உறுத்துகிறது.

எந்தப் புல் என்பதற்கு வருகிறேன். உப்பைத் தாங்குவதில் பயிர்களுக்கிடையே பெரிய வேறுபாடு உண்டு. மண்ணின் உப்பு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் நெல் விளைச்சல் குறையத் தொடங்கும், அருகு 6.9 வரை தாக்குப்பிடிக்கும். அதையும் மிஞ்சுவது கடற்கரைப் பாஸ்பாலம். இந்தியக் கடலோரச் சதுப்புகளிலும் தானாக வளரும் புல் அது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ரானி டங்கன் அதைத் தேர்ந்தெடுத்து மேம்படுத்தி, கிரீனுக்கு ஏற்ற ‘சீ ஐல் 2000’ என்ற வகையைக் கொடுத்தார். தென் கரோலினாவின் கியாவா தீவில் அட்லாண்டிக் கரையை ஒட்டிய ஓஷன் திடலில் 2012இல் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் நடந்தது பாஸ்பாலம் புல்லில்தான். கடல் உப்பு விழும் கரைக்கு அது ஒரு நல்ல சான்று. அதற்காகக் கடல்நீரையே ஊற்றி வளர்க்கலாம் என்று சிலர் சொல்வதை நம்பிவிடக் கூடாது. நட்டு வேர்பிடிக்கும் வரை நன்னீர் வேண்டும், அதன் பிறகும் உப்பைக் கழுவி இறக்கியே ஆக வேண்டும்.

மூன்றாவது ஒரு புல்லுக்கு என் மனம் அதிகம் சாய்கிறது. லின்னேயஸ் 1771இல் இந்தியாவிலிருந்து கிடைத்த மாதிரியை வைத்து விவரித்த ‘மாட்ரெல்லா’, இன்று மணிலா புல் என்று உலகெங்கும் விற்கப்படுவது. லின்னேயஸின் மாணவர் கேனிக் 1768இல் வந்து இறங்கி, செடிகளைத் திரட்டி அவருக்கு அனுப்பிக்கொண்டிருந்த தரங்கம்பாடி, காரைக்காலுக்கு வடக்கே கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இந்தப் புல் மெதுவாகப் படரும், 3 மில்லிமீட்டர் மழிப்பை விரும்பாது. ஆகவே போட்டிக் கிரீனுக்குப் பொருந்தாது. ஆனால் உப்பு, நிழல், மிதிபாடு மூன்றையும் பொறுக்கும், உரம் குறைவாகக் கேட்கும். பூங்காவுக்கும் பள்ளித் திடலுக்கும் இதைவிட வேறென்ன வேண்டும்? நர்சரிகளில் கொரியன், மெக்சிகன் என்ற பெயர்களில் பாய்பாயாகச் சுருட்டி விற்பவற்றை வாங்குபவர்கள், எந்த இனம், எந்தத் தண்ணீருக்குத் தாங்கும் என்று கேட்டு வாங்கினால் பாதிப் பிரச்சினை தீரும். ஆட்டம் நடக்காத ஓரங்களில் மழிக்க வேண்டிய புல்லே தேவையில்லை. திருநள்ளாற்றில் இறைவனே தர்ப்பைக் காட்டின் ஈசராக, தர்ப்பையைத் தல விருட்சமாகக் கொண்டு எழுந்தருளியிருக்கும் மண் இது. ஆழ வேரோடி, தண்ணீர் கேட்காமல் நிற்கும் தர்ப்பையை ஓரங்களில் வளரவிடலாம்.

புல்லே இல்லாத வழியும் ஒன்று உண்டு. இந்தியாவின் பழைய திடல்கள் பலவற்றில் கிரீனுக்குப் பதில் ‘பிரவுன்’ இருந்தது. மணலில் எண்ணெய் கலந்து, அழுத்தி, ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பின்னும் இழுத்துச் சமன்செய்த வட்டம். பந்து அதில் நேராக ஓடும். கழிவு எண்ணெய் நிலத்தடிக்கு இறங்கும் ஆபத்தை நினைத்தால் அந்த வடிவத்தில் அதை இன்று யாரும் பரிந்துரைக்க மாட்டார்கள். ஆனால் தண்ணீர் இல்லாத இடத்தில் தண்ணீர் கேட்காத ஆட்டத்தரை என்ற அந்த எண்ணம் மதிக்கத்தக்கது.

தண்ணீரின் கணக்கைத் தவிர்த்துவிட்டு இந்தக் கேள்வியைப் பேசுவது நேர்மையாகாது. ஒரு ஹெக்டேர் கிரீனுக்கு நாளைக்கு 4 மில்லிமீட்டர் என்றால் 40,000 லிட்டர். அது பெரிதில்லை. ஆனால் ஆட்டப்பாதைகளையும் சேர்த்து 30 ஹெக்டேருக்குப் பாய்ச்சினால் 12 லட்சம் லிட்டர். நகர்ப்புறத்தில் ஆளுக்கு 135 லிட்டர் என்ற அளவில் அது ஏறத்தாழ 9,000 பேரின் ஒருநாள் நீர். 2011 கணக்கெடுப்பில் இரண்டு லட்சம் பேர் வாழ்ந்த, 160 சதுர கிலோமீட்டர் அளவேயான பகுதி இது. காவிரி நடுவர் மன்றம் 2007இல் புதுச்சேரிக்கு ஒதுக்கி, உச்ச நீதிமன்றம் 2018இல் அப்படியே உறுதிசெய்த 7 டி.எம்.சி. காரைக்கால் வயல்களுக்கான நீர். அதில் ஒரு குடத்தைக்கூட ஆடுதரைக்குத் திருப்ப யாருக்கும் உரிமை இல்லை என்பதே என் கருத்து. நிலத்தடி நீரும் கூடாது, அங்கே இறைப்பவர் பக்கத்து வீட்டுக் கைப்பம்பில் உவரை ஏற்றுகிறார். எஞ்சுவது சுத்திகரித்த கழிவுநீர் ஒன்றுதான். சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை உயர்தரமாகச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் 2019இல் வந்துவிட்டன. அவ்வளவு உயர்தரமாக இல்லாமல் வழக்கமான முறையில் சுத்திகரித்த கழிவுநீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் ஓரளவு இருப்பதால் புல்லுக்கு உரச்செலவும் குறையும். சோடியத்தை மட்டும் கவனித்தாக வேண்டும். கழிவுநீர் வசதி வந்த பிறகு புல், அதுவரை நிழல்மரமும் மணல்தரையும் போதும்.

கோடையை இவ்வளவு பேசிவிட்டு மழைக்காலத்தை விட்டுவிடக் கூடாது. இந்தக் கரையில் அருகு மெய்யாகவே அஞ்சுவது ஐப்பசி, கார்த்திகையைத்தான். ஆண்டு மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டுகிறது. வாரக்கணக்கில் மூட்டம், நிற்கும் நீர், வெளிச்சப் பஞ்சம். வெளிச்சம் குறைந்தால் அருகு மெலிந்து நெடுக்கும், குட்டையாக மழித்தால் தாங்காது. குளிர்நாட்டில் கோடைக்கு முன் புல்லைத் தயார்செய்வதுபோல இங்கே புரட்டாசிக்குள் தயார்செய்ய வேண்டும். மழிப்பை உயர்த்துவது, வடிகாலைத் துப்புரவாக்குவது, அடிப்பஞ்சாகச் சேர்ந்த செத்த கொடியைச் சீவி எடுப்பது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். கோடையெல்லாம் சேர்ந்த உப்பை அந்த மழை காசில்லாமல் கழுவித் தரும். வடிகால் அடைத்துக் கிடந்தால் அந்த உதவியும் வீணாகும்.

செருமாவிலங்கையில் 1987 முதல் இயங்கும் பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண் கல்லூரி இந்த மண்ணையும் நீரையும் நன்கு அறிந்த இடம். அருகு, பாஸ்பாலம், மாட்ரெல்லா மூன்றையும் சிறு பாத்திகளில், மூன்று விதத் தண்ணீரில், தை மாதம் நட்டு இரண்டு ஆண்டு கவனித்தால் நகராட்சிக்கும் பள்ளிகளுக்கும் நேரடியாகப் பயன்படும் விடை கிடைக்கும். தண்ணீரைச் சோதிப்பவர் மழை முடிந்த ஜனவரியில் மாதிரி எடுத்துவிட்டு நல்ல நீர் என்று எழுதிவிடக் கூடாது, மே மாத மாதிரியே கணக்கு. புல்லின் நிறத்தை மட்டும் பார்க்காமல், கத்திரி முடியும் வாரத்தில் ஒருமுறையும் மார்கழியில் ஒருமுறையும் மண்ணைத் தோண்டி வேரின் நீளத்தை அளக்க வேண்டும்.